யாரும் இடிக்காத முட்டி

மகாவின் இடது முட்டியைத் திறந்து பார்த்தவர் ஆபரேஷன் செய்த டாக்டர் ஒருவர்தான். தைத்து மூடிய பிறகு அதைப் பார்க்காதவர் பெங்களூர் கௌதமபுரத்தில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம், வாழைப்பழச் சீப்பும் பிஸ்கட் பாக்கெட்டுமாக வந்தவர்கள் எல்லாரும் முதலில் முகத்தைப் பார்த்து "எப்டிம்மா இருக்குற?" என்றார்கள். பதில் வருவதற்குள் கண் கீழே போய்விடும். "எங்க, காட்டு பாக்கலாம்." போர்வை விலகும். பிறகு ஆளுக்கொரு தீர்ப்பு.

"உள்ள ஸ்க்ரூ வெச்சிருக்காங்களாமே," என்றாள் எதிர்வீட்டுச் சந்திரம்மா. "ஏர்போர்ட்டுக்குப் போனா மெஷின் கத்துமா?"

அந்தத் தெருவில் ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் டாக்ஸி ஓட்டிக்கொண்டு வாசல்வரை போகிறவர்கள். உள்ளே போனவர் எவரும் இல்லை. இருந்தாலும் கேள்வி நியாயமானது என்று மகாவுக்குப் பட்டது. அடுத்த முறை டாக்டரைக் கேட்டாள். கத்தாது என்றார். சந்திரம்மாவுக்கு அதில் சற்று ஏமாற்றம்.

மகாவுக்கு இருபது வயது. பி.காம். கடைசி வருஷம். கால்பந்தில் ஃபார்வர்டு, கோல் போடுவது அவள் வேலை. அவள் ஆடும் கிளப்பின் பெயர் ஸ்டார் பாய்ஸ். பெண்களுக்கும் ஓர் அணி தொடங்கியபோது பெயரை மாற்ற வேண்டுமா என்று கமிட்டி கூடி விவாதித்தது. ஜெர்சி ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்ற வலுவான காரணத்தால் 'ஸ்டார் பாய்ஸ் பெண்கள் அணி' என்று முடிவாயிற்று. கிளப் செயலாளர் வெங்கிக்கு ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை. ஆகவே கிளப்பில் எது நடந்தாலும் ஃப்ளெக்ஸ் உண்டு. மகா அடிபட்டு விழுந்த மறுநாளும் ஒன்று எழுந்தது: 'வீராங்கனை மகா விரைவில் குணமடைய வேண்டுகிறோம்.' வேண்டுகிறவர்கள் வரிசை வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள். குணமடைய வேண்டியவள் கீழ் மூலையில், பஸ் பாஸ் போட்டோ அளவில் இருந்தாள்.

அவள் விழுந்தது கோலார் தங்கவயல் அணியோடு நடந்த ஆட்டத்தில். பந்தோடு திரும்பினாள். பக்கத்திலிருந்து சறுக்கிக்கொண்டு வந்த எதிரணி டிஃபெண்டர் ஜெனிஃபரின் கால் பந்தையும் தொட்டது, மகா ஊன்றியிருந்த காலையும் தொட்டது. முருங்கைக்காய் முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதை மகா காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டாள். முட்டிக்குள் லிகமென்ட் அறுந்துவிட்டது என்றார்கள்.

பிறகு ஆபரேஷன். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. கடைசியில் பிசியோதெரபிஸ்ட் முட்டியை மடக்கி நீட்டி, "கால் நூறு பர்சென்ட் ரெடி," என்றார். "மனசு எப்டி?" என்று அவரே கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், "அதுக்கு ஒரு ஆப் இருக்கு," என்றார். ஆப்பில் ஒரு பெண் மெல்லிய இங்கிலீஷில் மூச்சை இழுக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். மகா இழுத்தாள், விட்டாள். அவளுக்கு மூச்சில் பிரச்சினை இல்லை. பந்தோடு திரும்பும்போது இடது கால் 'நிஜமாவா?' என்று கேட்கிறது, அதுதான் பிரச்சினை.

அதனால் மைதானத்துக்குத் திரும்பிய முதல் நாட்களில், ஈரத் தரையில் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் மாதிரி ஆடினாள். பந்து வந்தால் உடனே வேறு யாருக்காவது தள்ளிவிட்டாள். அப்புறம் ஒரு ஞாயிறு, தள்ளிவிட ஆள் கிடைக்காமல் தானே கொண்டுபோனாள். கோல். அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்த வாரம் பக்கத்துப் பேட்டை அணியோடு நடந்த ஆட்டத்தில் மறுபடியும். வெங்கி ஃப்ளெக்ஸ் போட்டார்: 'அவள் மீண்டு வந்தாள்!' இந்த முறை மகாவின் படம் கொஞ்சம் பெரிது.

இங்கே வேறொருத்தியாக இருந்தால் கதை முடிந்திருக்கும். மகாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: நல்லது நடந்தாலும் ஏன் என்று கேட்பாள். தன் கோல்களை வெங்கியின் போனில் எடுத்த வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எல்லாக் கோலும் ஒரே சாயல். அவள் பந்தோடு போகிறாள். எதிரில் இருப்பவர்கள் ஆம்புலன்சுக்கு வழி விடுகிற மாதிரி ஒதுங்குகிறார்கள். பெங்களூரில் ஆம்புலன்சுக்கே அப்படி யாரும் ஒதுங்குவதில்லை. இது அவளை உறுத்தியது.

அடுத்த ஞாயிறு, பயிற்சி ஆட்டத்தில், அவள் ஒரு சோதனை செய்தாள். பந்தோடு நடு மைதானத்துக்கு வந்தாள். நின்றாள். பந்தின்மேல் காலை வைத்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல நின்றாள்.

யாரும் வரவில்லை.

எதிர்ப்பக்கம் ஆடிய சரசு, நட்பையும் மறந்து எல்லாரையும் இடித்துத் தள்ளுகிறவள், மூன்றடி தள்ளி நின்று தரையைப் பார்த்தாள். இன்னொருத்தி ஷூ லேஸைக் கட்டக் குனிந்தாள். அது கட்டித்தான் இருந்தது. கடைசியில் பக்கத்துப் பேட்டையிலிருந்து புதிதாக வந்த பெண் மிகுந்த மரியாதையோடு, "அக்கா, பால் கொஞ்சம் குடுக்குறீங்களா?" என்றாள்.

ஆட்டம் முடிந்ததும் மகா சரசுவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மடக்கினாள்.

"இன்னாடி நடக்குது?"

"எது?"

"என்ன ஏன் எவளும் இடிக்க மாட்டேன்றீங்க?"

"யாரு இடிக்கல? நீ ஸ்பீடா போற மகா. புடிக்க முடில."

"நின்னுக்கினு இருந்தேன்டி!"

சரசு முகத்தைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். கழுவ இனி முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்றானபோது சொன்னாள்: "உங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

மகாவின் அம்மா மரகதம் இந்திராநகரில் மூன்று வீடுகளில் சமைக்கிறாள். மகா திரும்பவும் ஷூ போடுவாள் என்று தெரிந்த வாரம், வேலை முடிந்து வந்த மாலைகளில், கற்பூர டப்பாவோடு வீடு வீடாகப் போயிருக்கிறாள். கற்பூரத்தை ஏற்றுவாள். எதிரில் இருக்கும் பெண் உள்ளங்கையால் அதை அணைத்து, மரகதம் சொல்லிக்கொடுத்தபடி சொல்ல வேண்டும்: 'மகாவோட காலை என் கால் தொடாது. தொட்டா அதே கால் எனக்குப் போவட்டும்.' வக்கீல்கள்கூட இப்படி ஓட்டையில்லாமல் எழுத மாட்டார்கள். பந்து ஆடுகிறவளுக்குச் சாமி பயம் இல்லாமல் இருக்கலாம். தன் கால்மேல் பயம் இல்லாமல் இருக்காது.

புத்த விஹாரத்துக்குப் போகும் வீட்டுப் பெண்கள், எங்களுக்குக் கற்பூரம் பழக்கமில்லையே என்றார்கள். மரகதம் மெழுகுவத்தி வைத்திருந்தாள். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு மாதா படம். எதிலும் நம்பிக்கை இல்லை என்று சொன்ன காலேஜ் பெண்ணை, அவள் அம்மாவின் தலையில் கைவைக்கச் சொன்னாள். சர்வமத ஒற்றுமை அந்தப் பேட்டையில் வேறெந்தக் காரியத்திலும் இவ்வளவு கச்சிதமாக நடந்ததில்லை. பக்கத்துப் பேட்டை அணிக்கு பஸ் பிடித்துப் போனாளாம். ஆட்டங்களுக்கு வெங்கியே ரெஃப்ரி என்பதால் அவரிடம் தனிச் சத்தியம்.

"அப்ப என் கோலு?" என்றாள் மகா.

"கோலு உன்னுதுதான்," என்றாள் சரசு. "வழிதான் எங்களுது."

மகாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது நின்றுவிட்டது. ஏனென்றால் வருகிற ஞாயிறு பெரிய கிளப் ஒன்றின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கும் ட்ரையல். அங்கே வரும் டிஃபெண்டர்கள் கற்பூரத்தை அணைத்தவர்கள் இல்லை. இத்தனை நாள் மீண்டது தன் கால் என்று நினைத்திருந்தாள். மீண்டது ஃப்ளெக்ஸ் மட்டும்தான். யாராவது நிஜமாக வந்து மோதினால் இந்தக் கால் என்ன செய்யும்? நிற்குமா, மடங்குமா, பந்தை விட்டுவிட்டு ஓடுமா? முட்டி உடைந்துவிடுமோ என்ற பயத்தைவிட, தன் காலைப் பற்றித் தனக்கே தெரியாமல் இருப்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ட்ரையலுக்குப் போவதா வேண்டாமா என்பதே அந்த ஒரு மோதலில் தொங்கியது.

வீட்டில் மரகதம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சத்தியத்த திருப்பிக் குடுத்துடும்மா."

"கடை சாமானா திருப்பிக் குடுக்க? செஞ்சது செஞ்சதுதான்."

"ட்ரையல்ல வர்றவளுங்க இடிப்பாளுங்களே?"

"எங்க நடக்குதுனு சொல்லு. அங்கயும் வந்து வாங்குறேன்."

"கேரளாலர்ந்து வருவாங்க. மணிப்பூர்லர்ந்து வருவாங்க."

"மணிப்பூர்ல சாமி இல்லையா?"

மரகதம் கீரைத் தண்டை ஒடித்தாள். "அன்னிக்கு நான் இந்திராநகர்ல சாம்பார் கொதிக்க வெச்சிக்கினு இருந்தேன். போன் வந்துது. உன் கால்ல வந்த சத்தத்த எல்லாரும் கேட்டாங்களாம், நான் கேக்கல. அதான் எனக்கு தினம் கேக்குது."

மகா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்து ஆய்ந்தாள். ஆனால் கேள்வி அப்படியே இருந்தது. சத்தியம் செய்யாத ஆள் வேண்டும். இதைத் தேடிக் கிளம்பியபோதுதான் அம்மாவின் உழைப்பு எவ்வளவு விரிவானது என்று தெரிந்தது. பையன்கள் அணியில் முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன முகேஷைக் கேட்டாள். "என்கிட்டயும் வாங்கிட்டாங்கக்கா. எதுக்கும் இருக்கட்டும்னாங்க." எலெக்ட்ரானிக் சிட்டியில் மணிக்கணக்குக்கு வாடகை எடுத்து ஆடும் ஐ.டி. கம்பெனிக்காரர்களோடு ஒரு சாயங்காலம் ஆடிப் பார்த்தாள். அவர்கள் முட்டித் தழும்பைக் கண்டதும் ஒரு சின்ன மீட்டிங் போட்டார்கள். "நோ கான்டாக்ட் ப்ளீஸ்," என்றான் கேப்டன், "திங்கக்கிழமை எங்களுக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு." அவன் கவலை மகாவின் காலைப் பற்றியது அல்ல, அவன் காலைப் பற்றியது என்று பிறகுதான் புரிந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மகாவுக்கு ஒன்று உறைத்தது. அம்மா போகாத வீடு ஒன்று உண்டு. பெயரைக்கூட அம்மா சொல்ல மாட்டாள். 'அந்தக் கோலார்க்காரி' என்பாள். மகாவின் காலை இடிக்கும் உரிமை பாக்கியிருந்த ஒரே ஆள், ஏற்கெனவே இடித்தவள்.

ஜெனிஃபர் இப்போது தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள் என்று சரசு விசாரித்துச் சொன்னாள். மறுநாள் மகா போனபோது, ஜெனிஃபர் மார்பளவு உயர நைட்டிக் குவியலுக்குப் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கையிலிருந்த நைட்டி விரிந்து விழுந்தது.

"என்னா ஹோனா மா, என்னா வேணும்?" என்று கல்லாவிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். "சைஸ் சொல்லு, பொண்ணு எடுத்துக் குடுக்கும்."

"நைட்டி பாக்குறேன் பாய்," என்றாள் மகா. பிறகு தாழ்ந்த குரலில்: "என்ன ஞாபகம் இருக்கா?"

ஜெனிஃபரின் பார்வை கௌண்டருக்குக் கீழே போக முயன்றது, குவியல் மறைத்தது. "கால் எப்டி இருக்கு?"

"அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். நீ வந்து என்ன ஒரு தடவ இடிச்சு டேக்கிள் பண்ணணும்."

"பைத்தியமா உனக்கு?"

"கலரு இதுல வேற இருக்கா?" என்றாள் மகா சத்தமாக, முதலாளிக்காக.

ஜெனிஃபர் ஒரு ஊதாப்பூ நைட்டியை அவள் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்து, அதன் மறைவில் பேசினாள். "நான் டேக்கிள் பண்றதயே விட்டுட்டேன். அன்னிலர்ந்து. ஆளு கிட்ட வந்தா நின்னுடுறேன். எங்க ஊர்ல என்ன இன்னானு கூப்புடுறாங்க தெரியுமா? முட்டி ஜெனி. சர்ச்சுல கூட."

மகா இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதம் அந்த முட்டியைத் தான் மட்டுமே சுமந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். இவளும் தினமும் கோலாரிலிருந்து ரயிலில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். யாரும் இவளுக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள்.

"எப்ப லீவு உனக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"காலைல வா. கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு நான் வர்றேன்."

"என்னா மா, எடுக்குறியா இல்ல சும்னே விரிச்சுப் பாக்குறியா?" என்றார் முதலாளி.

"யோசிச்சுட்டு வர்றேன் பாய்."

"நைட்டிக்கு இன்னா யோசனை!" என்று அவர் உலகத்தைப் பார்த்துக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பேர் மட்டும் வருவதாக ஏற்பாடு. கௌதமபுரத்தில் ஏழு பேருக்குத் தெரிந்தது எழுநூறு பேருக்குத் தெரியாமல் இருந்த வரலாறு இல்லை. மைதானச் சுவர்மேல் பேட்டையே உட்கார்ந்திருந்தது. பல் குச்சியோடு சிலர், டீ கிளாஸோடு சிலர். சந்திரம்மா பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்திருந்தாள். ஜெனிஃபர் உள்ளே வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் அவள் காலைப் பார்த்தார்கள், அது என்ன மாதிரிக் கால் என்று.

இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். வெங்கி விசிலை வாயில் வைப்பதற்குள் சுவர்ப் பக்கம் வழி பிளந்தது. இந்திராநகர் போகக் கிளம்பிய மரகதம், தோளில் கைப்பையோடு, நேராக மைதானத்துக்குள் வந்தாள். ஜெனிஃபருக்கு எதிரில் நின்றாள்.

"ஆன்ட்டி, நான்தான்..."

"தெரியும்." மரகதத்தின் கை பைக்குள் போயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"அம்மா, வேணாம்," என்றாள் மகா. "இவகிட்டயும் வாங்கிட்டன்னா என்ன தொட ஊர்ல ஆளே இல்ல. அப்புறம் நான் எதுக்கு ஆடணும்? என் முட்டியக் கொண்டுபோய்க் கோயில்ல வெச்சுடு."

"மறுபடி ஒடஞ்சா?"

"ஒடஞ்சா தெரிஞ்சுடும். ஒடையலனாலும் தெரிஞ்சுடும். இப்ப எதுவுமே தெரியலம்மா எனக்கு."

மரகதம் ஜெனிஃபரைப் பார்த்தாள். "நீ இன்னா சொல்ற?"

"வேணும்னு செய்ய மாட்டேன் ஆன்ட்டி," என்றாள் ஜெனிஃபர். "ஆனா ஃபுட்பால்ல கேரண்டி தர முடியாது."

இந்திராநகர் வீடுகளில் கேஸ் அடுப்பு முதல் மிக்ஸி வரை எல்லா கேரண்டியையும் கேட்டிருக்கிறாள் மரகதம். இப்படி ஒரு நேர்மையான பதிலை எந்தக் கம்பெனியும் சொன்னதில்லை. கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது. போய்க் கோட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் முந்தானை மூக்குவரை இறங்கியது.

ஆட்டம் தொடங்கிற்று. மகாவுக்குப் பந்து வந்தது. வழக்கம்போல எல்லாரும் ஒதுங்கினார்கள். ஜெனிஃபர் மட்டும் ஓடிவந்தாள், வந்தாள், ஒரு கை தூரத்தில் பிரேக் போட்டு நின்றுவிட்டாள். மகா பந்தோடு தாண்டிப் போனாள். சுவர்மேல் பெருமூச்சு.

இரண்டாம் முறையும் அப்படியே.

மகா பந்தை நிறுத்தினாள். எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்: "கோலார்ல தங்கம் தீந்துபோச்சுனு தெரியும். தில்லும் தீந்துபோச்சாடி?"

சுவர் "ஓ!" என்றது. ஜெனிஃபரின் காது சிவந்தது. தங்கவயல்காரர்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம், சுரங்கம் மூடியதைச் சொல்லக் கூடாது.

அடுத்த பந்து வலது ஓரமாக வந்தது. மகா அதைக் காலில் வாங்கி, இடது காலை ஊன்றித் திரும்பினாள். ஜெனிஃபர் இந்த முறை நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டு வந்தாள். செம்மண் எழுந்தது. ஒரு மோதல், இரண்டு பேரும் புரண்டார்கள், பந்து எகிறிக் கோட்டைத் தாண்டி உருண்டது. தூசி அடங்குவதற்குள் மகா எழுந்துவிட்டாள்.

"என் த்ரோ!" என்று கத்தினாள்.

"எப்டி உன் த்ரோ?" ஜெனிஃபர் மண்ணைத் துப்பிக்கொண்டே எழுந்தாள். "உம்மேல பட்டுத்தான் போச்சு!"

"பொய் சொல்றா! உன் ஷூல பட்டுச்சு, நான் ஃபீல் பண்ணேன்!"

"ஷூ என்னுது, நீ எப்டிடி ஃபீல் பண்ணுவ?"

"வெங்கிண்ணா, சொல்லுங்க!"

வெங்கி விழித்தார். அவர் பந்தைப் பார்க்கவில்லை, முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயும் அத்தனை கண்ணும் இன்னும் மகாவின் இடது முட்டியில்தான் இருந்தன. அது மண் பூசிக்கொண்டு, தன்பாட்டுக்கு மடங்கி நீண்டு, சண்டைக்குத் தோதாக முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. பந்து கடைசியாக யார்மேல் பட்டுப் போனது, த்ரோ யாருக்கு என்று பேட்டையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அந்தப் பொண்ணோடதுதான்," என்றது ஒரு குரல்.

மரகதம். அந்த முட்டியைப் பார்க்கத் தைரியம் வராததால் அவள் ஒருத்திதான் கடைசிவரை பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் கால்ல பட்டுத்தான் போச்சு மகா. நான் பாத்தேன்."

"நீ யார் பக்கம்மா?"

"பட்டுச்சுனா பட்டுச்சு. சும்மா கத்தாத."

ஜெனிஃபர் வெற்றியோடு பந்தை எடுக்க ஓடினாள். மகா வெங்கியின் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழம ட்ரையல்லயாவது பந்தப் பாக்குற ரெஃப்ரியா இருப்பாங்க!" என்று கத்திவிட்டு, பந்து எங்கே விழும் என்று கணக்குப் போட்டு அங்கே ஓடினாள்.